பல்குச்சியில் ஒரு கப்பல்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருக்கும் 'அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியம்' 1995 நவம்பரில் திறக்கப்பட்டது. 30 வருடம் தாண்டிவிட்ட அந்த இடத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் நான் அதிகம் படித்ததில்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பகல் முழுக்க அங்கே சுற்றி வந்தேன். அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள், யாரிடமும் பாடம் கேட்காமல் மனதில் தோன்றியதைத் தாங்களே செய்து பார்த்தவர்கள், இவர்களுக்கென்றே உள்ள மியூசியம் அது. தொடங்கியவர் ரெபெக்கா ஹாஃப்பெர்கர் என்ற பெண்மணி. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்த்தபோது, அங்கிருந்தவர்களின் நோயைவிடத் திறமைதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

உள்ளே லூசிடேனியா கப்பல் நிற்கிறது. 1915-ல் மூழ்கியதே, அந்த பிரிட்டிஷ் பயணிகள் கப்பலின் மாதிரி. 16 அடி நீளம், ஏறக்குறைய 2 லட்சம் பல்குச்சிகள், அப்புறம் பசை. அவ்வளவுதான் பொருள். செய்தவர் வேய்ன் குசி. குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். நான்கு புகைபோக்கிகளின் வளைவிலும் குச்சிகள் பாய் முடைந்த மாதிரி ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. எழுந்து நகர மனமே வரவில்லை.

வெளியே காற்றில் சுழலும் 55 அடி உயரக் காற்றாடிச் சிற்பம் ஒன்று நிற்கிறது. வட கரோலினாவில் மெஷின் ரிப்பேர் செய்து பிழைத்த வோலிஸ் சிம்ப்சன், வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு பழைய இரும்பில் இப்படிப்பட்டவற்றைச் செய்யத் தொடங்கினாராம். காற்று லேசாக அடித்தாலும் சக்கரங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கின்றன.

ஆனால் என்னை உலுக்கியது ஒரு மரச்சிற்பம். பிரிட்டனில் மனநல விடுதியில் இருந்த ஒருவர் ஆப்பிள் மரத்தில் செதுக்கியது. அவர் பெயர் தெரியாது. காசநோய்க்காரர். சிற்பத்தின் நெஞ்சு பள்ளமாக உள்வாங்கியிருக்கிறது. நான் 31 வருடம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். என் மாணவன் இப்படி வரைந்து வந்திருந்தால், 'அளவு தப்பு, அழித்துவிட்டு வரை' என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி எத்தனை பிள்ளைகளிடம் சொன்னேனோ! அந்தச் சிலை முன்னால் நின்றபோது அவர்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

எனக்குப் பிடித்த இன்னொன்று, படைப்புக்குப் பக்கத்திலேயே செய்தவரின் வாழ்க்கைக் கதையையும் எழுதி வைத்திருப்பது. பார்க்க வருகிறவர் அந்த மனிதரையும் சந்தித்துவிட்டுத்தான் போகிறார்.

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலையும் ஓட்டுத் துண்டுகளையும் சைக்கிளில் சுமந்து வந்து யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு உலகத்தையே கட்டினார். அதை இடிக்காமல் 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தப் பெரிய மனசு எல்லா ஊருக்கும் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாமாகக் கற்றுக்கொண்டு செய்கிறவர்களுக்கு இதழில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர், பழைய சைக்கிள் செயினிலேயே ஒரு ஆள் உயர மயில் செய்து மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். படம் எடுத்து அனுப்பவா?

— ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், திண்டுக்கல்