யார் சொன்னால் பிரச்சினை?

மதுரை,
பிப்ரவரி 12

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டாய். அந்தக் கோபத்தை நேரில் காட்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, நாக்குதான் இன்னும் வரவில்லை. தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் பள்ளத்தை மூடாமலே போய்விட்டார்கள். பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் ஏறுகிறோம்.

"ஓய்வு பெற்றபின் எம்.ஏ. சமூகவியல் எதற்கடி?" என்று கேட்டிருக்கிறாய். கிராமச் செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்ததையெல்லாம் யாராவது உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். யோசித்திருக்கிறார்கள். சில இடங்களில் நம்மைவிட நன்றாக, சில இடங்களில் வாசலோடு நின்றுகொண்டு.

உன் மகனுக்கு வேலை போய்ப் பல மாதமாக வீட்டில் இருப்பதை எழுதிவிட்டு, "எல்லாம் நான் வளர்த்த லட்சணம்" என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் எழுதியது எங்களுக்கு முதல் பாடம். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அவனுடைய குணம், திறமை, வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். அது அவனுடைய சொந்தத் தொல்லை. ஐந்து கோடித் தொழிலாளர்கள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அது பொதுப் பிரச்சினை. தனி மனிதனைக் குடைந்து அதற்கு விடை காண முடியாது. உன் மகனோடு சேர்த்து ஒரு முழுப் பிரிவையே வெளியே அனுப்பினார்கள் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அத்தனை பேரையுமா நீ வளர்த்தாய்?

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஃபுல்லர், மையர்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1941இலேயே, நிலைமை என்று ஒன்று இருக்க வேண்டும், அதைத் தவறென்று மக்கள் கருதவும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சமூகப் பிரச்சினை என்றார்கள். ப்ளூமர் என்ற இன்னொரு சமூகவியலாளர் 1971இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பிரச்சினை என்பது எங்கோ தானாகக் கிடப்பதில்லை, மக்கள் கூடி அதைப் பிரச்சினையாக்குகிறார்கள் என்றார். முதலில் யாரோ பேச்சை எடுக்க வேண்டும். பிறகு அது கவனிக்கத்தக்கது என்று பெரிய இடங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் போராட்டம், அரசின் திட்டம், கடைசியில் அந்தத் திட்டம் நடைமுறையில் வேறு உருவம் எடுப்பது. அந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அவர் நம் ஊர் அலுவலகம் எதிலாவது வேலை பார்த்திருப்பாரோ என்று தோன்றியது.

நம் மதுரை மாவட்டத்தில், எழுமலைப் பக்கத்து உத்தப்புரத்தை எடுத்துக்கொள். 1989 கலவரத்துக்குப் பின் தலித் மக்களின் குடியிருப்பைத் தடுத்து எழுந்த சுவர், 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறக்கும்வரை அங்கேதான் நின்றது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி அதை வெளியே கொண்டுவந்து, பத்திரிகைகள் எழுதி, கட்சிக்காரர்கள் போராடியபிறகுதான் நாட்டுக்கு அது பிரச்சினை ஆனது. ப்ளூமர் சொன்ன வரிசை அப்படியே பொருந்துகிறது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றி நடந்தவர்களுக்கு அது முதல் நாளிலிருந்தே பிரச்சினை இல்லையா? "சமூகம் உணரும்போது" என்று பாடத்தில் வரும் இடத்திலெல்லாம் "எந்தச் சமூகம்?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண். எடை குறையாத, நன்றாக அழுத குழந்தை. அடுத்த முறை போனபோது தொட்டில் கட்டிய விட்டத்தில் சேலை இல்லை. "பால் புரையேறிவிட்டது" என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல். உள்ளே குழந்தையின் தாய் காய்ச்சலோடு படுத்திருந்தாள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த இருட்டறை முழுக்கப் பூ வாசம். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு பதிவேடு. தாயின் பெயர், எத்தனையாவது பிரசவம், ஆணா பெண்ணா, எடை, இறந்த தேதி, கடைசிக் கட்டத்தில் இறப்பின் காரணம். அந்தக் கட்டத்தில் "சமூகக் காரணம்" என்று எழுதும் வழக்கம் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்தது. என்ன நடந்தது என்று எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் தெரியும், யார்மீதும் வழக்கு வராது. மூடி மறைக்க வசதி என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் அந்தக் கட்டத்தை ஒருவர் எண்ணியும் பார்க்கலாம் அல்லவா? 1995ஆம் ஆண்டின் பதிவேடுகளை வைத்து ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் ஆத்ரேயா என்ற பொருளியல் அறிஞரும் எண்ணினார்கள், 1997இல் ஆய்வாக வெளியிட்டார்கள். உசிலம்பட்டி என்றாலே பெண்சிசுக்கொலை என்று 1986இல் ஓர் ஆங்கில இதழ் நாடெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது. எண்ணிப் பார்த்தால் தருமபுரியும் சேலமும் மதுரையைவிட முன்னால் நின்றன. ஒரே சாதியின் பழக்கமும் அல்ல என்று தெரிந்தது.

சாதிப் பழக்கம் என்ற விளக்கம் அவ்வளவு சுலபமாக விலைபோனதற்குக் காரணம் இருக்கிறது. ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1963இல் சொன்னது இங்கே கச்சிதமாகப் பொருந்தும்: விதி போடும் அதிகாரம் உள்ளவர்கள் அந்த விதியைச் சிலர்மேல் பொருத்தி, வெளியாள் என்று முத்திரை குத்துகிறார்கள், முத்திரை ஒட்டிக்கொள்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் ஊர்களில் பெரியவர்கள் அதை இன்றும் ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதியே குற்றம். கைரேகை பதிய வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல்தான் போனது. முன்பே முத்திரை விழுந்திருந்த மக்கள்மேல் இன்னொன்றைக் குத்த யாருக்கும் கை நடுங்கவில்லை.

மற்ற விளக்கங்களையும் பாடத்தில் வரிசையாக அடுக்குகிறார்கள். சமூகத்தை உறுப்புகள் சேர்ந்து இயங்கும் உடம்பு போலப் பார்க்கும் செயற்பாட்டுவாதிகள், குடும்ப அமைப்பில் எந்த இணைப்பு தளர்ந்தது என்று தேடுவார்கள். மோதல் கோட்பாட்டுக்காரர்கள் நிலம் யார் பெயரில், பணம் யார் கையில், முடிவெடுப்பது யார் என்று கேட்பார்கள். எனக்கு இரண்டாவது கேள்விதான் பிடிக்கிறது; நான் பார்த்த வீடுகளில் சீர், நகை, ரொக்கம் என்ற கணக்கு குழந்தை பிறக்கும் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. காரணத்தை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் மருந்தும் போகும். தாயின் கல்நெஞ்சம் என்று சொன்னால் தாயைக் கைது செய்யலாம். வேண்டாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் குழந்தைகளைக் காப்பாற்றியது, மறுக்க மாட்டேன். ஆனால் நகைக் கணக்குப் போட்டவர்களை அது தொடவில்லை. பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பழியைப் போடும் இந்த வழக்கத்தைப் பற்றி வில்லியம் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் ஒரு புத்தகமே எழுதினார். நீ அதை உன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மாதக் கடைசிக்குள் அசைன்மென்ட் அனுப்ப வேண்டும். வேலையிழப்பையே தலைப்பாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் மகனிடம் கேட்டு எழுது: வெளியே அனுப்பப்பட்டவர்களில் பெண்கள் எவ்வளவு? அதன்பின் அவர்கள் எங்காவது கூடிப் பேசினார்களா? தொழிலாளர் துறையில் யாராவது மனு கொடுத்தார்களா, அல்லது ஆளுக்கொரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார்களா? அவனுக்கு எழுதச் சோம்பலாக இருந்தால் தொலைபேசியில் சொல்லச் சொல், நான் குறித்துக்கொள்கிறேன். யார் பெயரையும் போட மாட்டேன்.

அன்புடன்,
செல்வி