செயலாளர் ஆண்டறிக்கை: விழுந்தவர் குதிரை யாருக்கு?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் நண்பர்களே, வணக்கம். நம் மேசை விளையாட்டுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. மழைக்காலத்தில் சில கூட்டங்கள் தள்ளிப்போனதைத் தவிர மற்றவை ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கத்துப் பகடைகளை வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

சரி, எல்லாரும் எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நாம் பென்டிராகன் தொடரைத் தொடங்கினோம். கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கி, கேயாசியம் நிறுவனம் 1985இல் வெளியிட்ட, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்தும் விளையாட்டு இது. ஆர்தர் மன்னர் கதைகளின் பிரிட்டனில் எல்லாரும் நைட்டுகள் எனப்படும் குதிரை வீரர்கள்தான்; மந்திரவாதி வேண்டும், திருடன் வேண்டும் என்று கேட்டவர்கள் முதல் வாரத்திலேயே முகம் சுளித்தார்கள். ஆட்டத்தின் ஓட்டம் வருடக்கணக்கில் போகிறது. கோடையில் ஒரு சாகசம், குளிர்காலத்தில் பண்ணை வருமானம், குழந்தை பிறப்பு, குதிரை பிழைத்ததா செத்ததா என்று பகடை உருட்டல். குதிரை செத்தபோது உறுப்பினர்கள் பட்ட துக்கத்தைப் பார்த்தபிறகுதான், இந்த ஆட்டத்தில் குதிரை என்பது சொத்து என்பது எனக்கு உறைத்தது. ஆண்டு முழுவதும் நடந்த சண்டைக்கும் அதுதான் காரணம்.

ஜவுஸ்ட் எனப்படும் குதிரைமேல் ஈட்டிப் போட்டியின் விதி எளிது. இருவரும் இருபது முகப் பகடையை உருட்டுகிறார்கள். தன் ஈட்டித் திறனுக்குள் அடங்கும் எண்ணில் பெரியதைப் போட்டவர் ஜெயிக்கிறார். அடியின் வலு எதிராளியின் உடல் அளவைத் தாண்டினால், அவர் குதிரையேற்றத் திறனை நம்பி இன்னொரு பகடை போட வேண்டும்; இரண்டு மடங்கு ஆகிவிட்டால் தரைதான். இதில் யாருக்கும் தகராறு இல்லை. விழுந்தவரின் குதிரையும் கவசமும் யாருக்கு என்ற கேள்வியில்தான் தகராறு. தலைவரின் நைட் ஒருவரை வீழ்த்தியதும், குதிரை தன் கைக்கு வந்தாயிற்று என்று அவர் தன் பாத்திரத்தின் விவரத் தாளில் எழுதிக்கொண்டார். இது நட்புப் போட்டிதானே, குதிரை எதற்கு என்றார் துணைத் தலைவர். அன்றைக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம். வழக்கத்தைப் படித்துவந்து சொல்லும்படி குழு என்னிடம் ஒப்படைத்தது.

படித்ததில் தெரிந்தது, இரண்டு பேர் சொன்னதும் சரி, காலம்தான் வேறு. 12ஆம் நூற்றாண்டின் டோர்னமென்ட் எனப்படும் போர் விளையாட்டு நாம் சினிமாவில் பார்ப்பது போல் ஒரு பாதையில் இருவர் மோதுவது அல்ல. இரண்டு அணிகள் ஊர் எல்லை, வயல், திராட்சைத் தோட்டம் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு பொருதுவார்கள். பிடிபட்டவர் குதிரையையும் ஆயுதங்களையும் இழப்பார், அல்லது மீட்புப் பணம் தருவார். மழுங்கிய, கிரீடம் போல் பல முனை கொண்ட ஈட்டியோடு ஆடும் 'அமைதி ஜவுஸ்ட்' பின்னால் பரவியது. நடுவே நிற்கும் தடுப்பு 15ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆர்தர் கதை நடப்பதோ 5, 6ஆம் நூற்றாண்டுகளில். ஆனால் அவருடைய ஆட்சி நகர நகர, கவசமும் வழக்கமும் இடைக்காலத்தின் பல நூற்றாண்டுகளைத் தாண்டிப் போகும்படி ஸ்டாஃபோர்டு வேண்டுமென்றே அமைத்திருக்கிறார். ஆகவே ஆர்தரின் தந்தை உத்தர் காலத்தில் தலைவர் சொன்னதும், ஆர்தரின் பிற்காலத்தில் துணைத் தலைவர் சொன்னதும் பொருந்தும்.

வில்லியம் மார்ஷல் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பொருளாளருக்கு அது பிடித்துவிட்டது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பொறுப்பாட்சியாளராக உயர்ந்து 1219இல் இறந்தவர் அவர். இளம் வயதில் நார்மண்டியின் டிரன்கூர் சண்டையில் பிரமாதமாகப் பொருதினார், தன் குதிரையைப் பறிகொடுத்தார், ஆனால் ஒரு பொருளும் கைப்பற்றவில்லை. அன்றிரவு விருந்தில் வில்லியம் டி மேண்டவில் பிரபு அவரிடம் ஒரு பரிசு கேட்டார்: குதிரைப் பின்வார், இல்லாவிட்டால் பழைய கழுத்துப்பட்டை போதும். என்னிடம் அப்படி ஒன்றுமே இல்லையே என்று இவர் அப்பாவியாகச் சொல்ல, இன்று அத்தனை குதிரைகளைப் பிடித்தாயே என்று பிரபு கேட்க, மேசையே சிரித்தது. அப்புறம் தன் மேலங்கியை 22 சூ என்ற பிரெஞ்சுக் காசுக்கு விற்றுச் சுமைக்குதிரை ஒன்று வாங்க வேண்டிய நிலை. அடுத்து லெ மான் அருகே நடந்த டோர்னமென்டில் அவர், பொருதினால் மட்டும் போதாது, பொருளையும் பிடிக்க வேண்டும் என்ற பாடத்தை மறக்கவில்லை. பின்னாளில் ரோஜர் டி கோஜி என்பவரோடு கூட்டு சேர்ந்து வந்ததைப் பங்கு போட்டார். ஒரே பருவத்தில் இருவரும் சேர்ந்து 103 நைட்டுகளைப் பிடித்ததாக ஒரு சமையற்கட்டுக் கணக்கர் எழுதி வைத்தாராம். எனக்கு அந்தக் கணக்கரைத்தான் பிடித்தது. செயலாளர் வேலை எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

பணம் புழங்கும் இடத்தில் அரசு சும்மா இருக்குமா? 1194இல் முதலாம் ரிச்சர்டு இங்கிலாந்தில் ஐந்து இடங்களில் மட்டும் டோர்னமென்டுக்கு அனுமதி தந்து கட்டணமும் விதித்தார். ஏர்ல் என்ற பெரும்பிரபுவுக்கு 20 மார்க் (அக்காலப் பணக் கணக்கு), அடுத்த நிலைப் பிரபுவான பாரனுக்கு 10, நிலமுள்ள நைட்டுக்கு 4, நிலமில்லாதவருக்கு 2. அனுமதி பெற்ற இடங்களில் ஒன்று சாலிஸ்பரிக்கும் வில்டனுக்கும் இடையில் உள்ளது. நம் நைட்டுகள் வாழ்வதும் சாலிஸ்பரியில்தான். வரும் ஆண்டு முதல் நம் ஆட்டத்திலும் நுழைவுக் கட்டணம் உண்டு என்று, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அறிவித்துவிட்டார். திட்டினால் அவரைத் திட்டுங்கள்.

போர்க்களக் கொள்ளை வேறு கதை. 1356இல் ஆங்கிலேயரோடு நடந்த புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் தன் வலக் கையுறையை டெனி டி மோர்பெக்கிடம் கொடுத்துச் சரணடைந்தார். அதற்குள் பலர் சூழ்ந்து, மன்னர் எனக்கு, எனக்கு என்று இழுத்தார்கள். பிரான்சின் தென்மேற்கிலுள்ள கஸ்கனிக்காரர் ஒருவர் வழக்கே தொடுத்தார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதி ஆங்கிலேய ஒப்பந்தங்களில் வீரர் பெற்றதில் மூன்றில் ஒன்று தளபதிக்கு. தளபதி தனக்குக் கிடைத்ததிலும் மூன்றில் ஒன்றை மன்னருக்குத் தர வேண்டும். இதை நம் மேசைக்குக் கொண்டுவந்தோம்: கைப்பற்றியதில் மூன்றில் ஒன்று ஏர்லுக்கு, மீதி பிடித்தவருக்கு. சரணடைந்ததற்கு அடையாளம் கையுறை. கையுறை இல்லாமல் மீட்புப் பணம் கேட்கக் கூடாது.

இந்த விதி வந்த வாரமே ஒன்று நடந்தது. ஆட்டத்தில் எதிரிகளான சாக்சன்களோடு நடந்த சண்டை முடிந்ததும் பொருளாளரின் நைட், மூச்சு இருந்த ஒரு சாக்சன் தலைவனின் சங்கிலிக் கவசத்தைக் கழற்ற ஆரம்பித்தார். கேம் மாஸ்டர் நிறுத்தி, இரக்கக் குணத்துக்குப் பகடை போடச் சொன்னார். இந்த ஆட்டத்தில் இரக்கமும் கொடூரமும் ஒரு ஜோடி, கூட்டினால் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பகடை 17. இரக்கம் தோற்றது. எதிர்ப் பக்கம் போட்டதில் கொடூரம் வென்றது. கவசம் கிடைத்தது, தாளில் கொடூரத்துக்கு ஒரு குறியும் விழுந்தது. பக்கத்தில் இருந்த இளம் உறுப்பினரோ தான் பிடித்த குதிரையைத் தன் உதவியாளனுக்கே கொடுத்துவிட்டார், தாராள குணத்துக்குக் குறி வாங்கினார். சுறுசுறுப்பு, தாராளம், நியாயம், இரக்கம், அடக்கம், வீரம் ஆறும் சேர்ந்து 80ஐத் தொட்டால் சிறந்த நைட் என்ற சிறப்பு உண்டு. இளம் உறுப்பினர் அதை நெருங்கிவிட்டார். பொருளாளரிடம் இப்போது மூன்று கவசங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், ஈட்டி மோதலைவிடக் கொள்ளையைப் பங்கு போடும் அரைமணி நேரத்துக்காகத்தான் இந்தத் தொடரை நீட்டிக்க வேண்டும்.

ஒரு குறை. சிலர் தாமதமாக வந்துவிட்டு, தாங்கள் கலந்துகொள்ளாத சண்டையின் பங்கைக் கேட்கிறார்கள். களத்தில் இல்லாதவருக்குப் பங்கு இல்லை என்ற தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. போட்டி தொடங்கும் முன்பே குதிரை பணயமா இல்லையா என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது தீர்மானம். தலைவர் தாளில் எழுதிக்கொண்ட அந்தக் குதிரை பற்றிய முடிவு மூன்றாவது. தலைவர் அதில் வாக்களிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்