பங்கு வீட்டில் உன் கையெழுத்து

சிவமயம்

தேவகோட்டை

சௌ. மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம்.

நம் பூர்வீக வீட்டில் உன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பங்காளிகள் எழுதி உனக்கு அனுப்பிய விடுதலைப் பத்திர நகலை முழுக்கப் படித்தேன். "சம்பிரதாயத்துக்கு ஒரு கையெழுத்துதான் ஆச்சி" என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வெறும் சம்பிரதாயம் என்றால் செலவு செய்து பத்திரம் எழுதி, கடல் கடந்து இருப்பவளைத் தேட மாட்டார்கள். உனக்குப் பங்கு இருப்பதால்தான் தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டுச் சட்டம் 25.3.1989 முதலே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 9.9.2005-இல் அமலான மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கும் போயிற்று. கூடவே இன்னொரு பூட்டும் கழன்றது. அதே சட்டத்தின் பழைய 23-ஆம் பிரிவுப்படி, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாமல் இருந்தது. பங்காளிகள் பலர் சேர்ந்திருக்கும் நம் வளவு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்களோ என்று தோன்றும்! 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சச்சரவையும் உச்ச நீதிமன்றம் 11.8.2020-இல் முடித்துவைத்தது: வேண்டியதில்லை, பங்கு பிறப்பால் வருவது.

20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதை அசைக்க முடியாது. நம் வீட்டுக்கு இருப்பது கூர்ச்சீட்டுதான். எந்த அறை யாருக்கு, இரண்டாங்கட்டில் எந்தப் பக்கம் யாருக்கு என்று பெரியவர்கள் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டது. பதிவாகாத அந்தத் தாளைக் காட்டி உனக்குப் பங்கில்லை என்று சாதிப்பது லேசான காரியமில்லை.

கணக்கு இதுதான். வீடு மூன்று பங்கு. நம் பங்கு பூர்வீகமாகவே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் அதில் நான், நீ, உன் தம்பி மூவரும் சமம். ஆக, மொத்த வீட்டில் உனக்கு 9-இல் ஒன்று.

"சீரும் சாமானும் கொடுத்தாயிற்றே, அதுதானே பெண்ணின் பங்கு" என்பார்கள். கல்யாணத்தில் கொடுத்தது உன் சொத்து, பங்கின் முன்பணமல்ல. பழைய வழக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்யாணமான மகனை வேறு வைத்து, தனி அடுப்பும் ஒரு வருஷத்துச் சாமானும் கொடுத்து, கூரையை மட்டும் பொதுவாக வைத்தார்கள். ஒரே வளவில் பல அடுப்பு எரிந்தும் சண்டை குறைவாக இருந்ததென்றால், யாருக்கு எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் காரணம். இப்போது வீட்டில் இருப்பது காவல்காரர் ஒருவர்தான். வீட்டில் ஆள் இருந்த காலத்து வழக்கத்தை, ஆளில்லாத வீட்டில் மகளுக்கு எதிராக மட்டும் எடுத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். மூன்று இடங்களில் கோளாறு இருக்கிறது. "பங்காளிகள் அனைவருக்கும்" என்று விடுதலை கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் நம் பங்கு மெலிந்து மற்ற இரண்டு பங்கும் தடிக்கும். கொடுக்கத்தான் மனம் என்றால் தம்பி பேருக்கு எழுது. அடுத்தது சொத்து விவரம். வீட்டின் நான்கெல்லைக்குக் கீழே "மற்றும் பூர்வீகச் சொத்துகள் யாவும்" என்று ஒரு வரி ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு வரியில் ஊருணிக்கரை மனையும் போய்விடும். மூன்றாவது, பிரதிபலன் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. பணம் வாங்கினால் தொகையை எழுத வேண்டும், வாங்காவிட்டால் பிரதிபலன் இல்லை என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்ட தாளில் கையெழுத்து வைக்காதே. பதிவான விடுதலையை நீ மட்டும் நினைத்தால் ரத்து செய்ய முடியாது.

கட்டணத்தையும் பார். குடும்பம் என்று சட்டம் வரையறுத்த உறவுகளுக்குள் என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 40,000 ரூபாயாகவும் பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அந்த வரையறைக்கு வெளியே போனால் சலுகை கிடையாது.

பங்கை வைத்துக்கொள்வதென்றால் செலவும் உன்னுடையதுதான், ஆத்தா. உரிமைக்கு வாரிசு, ஓட்டுக்கு ஆளில்லை என்று இருக்கக்கூடாது. இரண்டு கூரை கூடும் பள்ளத்தில் நாலு ஓடு நகர்ந்தால் போதும். தண்ணீர் கைமரத்தில் இறங்கி, மரம் இற்று, சுண்ணாம்புப் பூச்சு பொருமி உதிரும். அது உதிர்வது பக்கத்துப் பங்குக்காரர் அறையில். அவர் வேலை செய்தாலும் பயனில்லை, ஓட்டை இருப்பது நம் பக்கம். கூரைச் செலவைப் புள்ளிப்படி, அதாவது கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக எண்ணிப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கோயிலுக்குப் புள்ளி வரி சரி. வீட்டுக்கு அது அநியாயம். ஒரு பங்கில் ஒரு புள்ளி, இன்னொன்றில் ஐந்து புள்ளி இருந்தால், மூன்றில் ஒரு பங்கை வைத்திருக்கும் ஒற்றைப் புள்ளிக்காரர் செலவில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவாகக் கொடுப்பார். கூரையும் சுவரும் பங்குப்படி, முன்னோருக்குப் படைக்கும் படைப்புச் செலவு புள்ளிப்படி, மின்சாரம் புழங்குகிறவர் பேரில் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நாளை யாராவது தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் பயப்படாதே. 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவுப்படி, வாங்கியவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட் போடும் விலைக்கு அந்தப் பங்கை நாமே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கு வந்து கையெழுத்திட முடியாவிட்டால் அங்குள்ள நோட்டரி அல்லது நம் தூதரகத்தில், உனக்காக இங்கு ஒருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் (பவர்) எழுது. அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பொது அதிகாரம் கொடுக்காதே. இந்த ஒரு வீடு, இந்த ஒரு காரியம் என்று குறிப்பிட்டுக் கொடு.

என் மனம் நோகுமே என்று கையெழுத்துப் போடாதே. கொடுத்தாலும் வைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. மாப்பிள்ளையிடமும் கலந்துகொண்டு, படைப்புக்குப் பங்காளிகள் கூடுவதற்கு முன் எழுது. திருத்தங்களோடு நகலை அவர்களிடம் நானே கொடுத்துவிடுகிறேன்.

அப்பச்சி