மாஸ்கோ நூலகருக்காக நம் வாசகர் வட்டங்கள் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016 நவம்பர் 14 முதல் 20 வரை நம் மாவட்டத்து நூலகங்களில் தேசிய நூலக வார விழா நடைபெறும் இவ்வேளையில், தம் பணியைச் செய்ததற்காகவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருக்கும் நூலகர் ஒருவரைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். மாஸ்கோவில் அரசு நடத்தும் உக்ரைனிய இலக்கிய நூலகத்தின் இயக்குநர் நத்தாலியா ஷரினா, 2015 அக்டோபர் 28 அன்று காவல்துறையினரால் பிடித்துச் செல்லப்பட்டார். படுக்கையோ உணவோ குடிநீரோ இன்றிக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்ட அவர், 30-ஆம் தேதி வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டார். ஓராண்டு கடந்தும் அந்தக் காவல் நீங்கவில்லை. இம்மாதம் 2-ஆம் தேதி மெஷ்சான்ஸ்கி மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணையும் தொடங்கிவிட்டது.

திமித்ரோ கொர்ச்சின்ஸ்கி என்ற உக்ரைனியத் தேசியவாதியின், ரஷ்யாவில் தடைசெய்யப்பட்ட எழுத்துகள் நூலகத்தில் கிடைத்தன, அதன் மூலம் ஷரினா இனப்பகையைத் தூண்டினார் என்பதே முதல் குற்றச்சாட்டு. அவை எங்கே கிடைத்தனவாம்? இன்னும் பட்டியலிடப்படாத நூல்களின் குவியலில் என்று புலனாய்வாளர்களே சொல்கிறார்கள். சோதனைக்கு வந்தவர்களே அவற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது ஷரினா தரப்பின் வாதம்.

அந்தக் குவியல் என்ற சொல்லைத்தான் என்னால் கடந்து செல்ல முடியவில்லை. ஏற்காட்டிலும் மலையடிவாரத்து ஊர்களிலும் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓர் ஆசிரியரோ தோட்டத்து அலுவலரோ காலமானால், அவர் சேர்த்துவைத்த புத்தகங்களைக் குடும்பத்தார் சாக்கில் கட்டி நூலகத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏற்காட்டுப் பனியில் நனைந்து பூஞ்சை பிடித்த பக்கங்களை முதலில் பிரித்து உலர்த்த வேண்டும். செல்லரித்தவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். அதன் பிறகே பதிவேட்டில் ஏற்றி, முத்திரை இட்டு, முதுகில் பகுப்பு எண் எழுதி அடுக்கில் வைக்க முடியும். ஒரே ஆள் பார்க்கும் நூலகத்தில் இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தச் சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று எந்த நூலகரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பதிவேட்டில் ஏறாத புத்தகம் வாசகர் கைக்குப் போவதில்லை. போகாத புத்தகத்தால் யாரிடம் பகையைத் தூண்ட முடியும் என்பதற்கு அரசுத் தரப்புதான் பதில் சொல்ல வேண்டும். கொர்ச்சின்ஸ்கியின் கருத்துகள் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனால் நூலகர் தம் அடுக்கில் உள்ள எல்லாக் கருத்துகளுக்கும் பொறுப்பாளி என்றால், நம் மாவட்டத்தில் ஒரு நூலகர்கூட வெளியே நடமாட முடியாது.

இந்த வழக்கு நிற்காது என்ற நிலை வந்தபோது, கடந்த ஏப்ரலில் நூலகப் பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்று இரண்டாவது குற்றச்சாட்டு சேர்க்கப்பட்டது. ஷரினா மீது முன்பு தொடரப்பட்ட வழக்கில் வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த ஊதியமே அந்தச் செலவு. கணக்கில் பிழை இருந்தால் அந்தந்த ஆண்டுத் தணிக்கையிலேயே ஆட்சேபம் எழுந்திருக்க வேண்டும். முதல் வழக்கு தளர்ந்த பிறகு எழும் ஆட்சேபத்தை அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவரும் நம்ப மாட்டார்கள். 2014-இல் உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவுடன் இணைக்கப்பட்டு, கிழக்கு உக்ரைனில் போர் மூண்ட பின், மாஸ்கோவில் உக்ரைனிய மொழிக்கென ஒரு பொது நூலகம் இருப்பதே சிலர் கண்ணை உறுத்தியிருக்கிறது. ரஷ்யாவிலேயே தோன்றிய மெமோரியல் மனித உரிமை அமைப்பு அவரை அரசியல் கைதி என்று அறிவித்திருக்கிறது.

ரஷ்யாவின் மீது வெறுப்பு கொண்டு இதை எழுதவில்லை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்களை, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் நிறுவனத்தின் வழியாகச் சொற்ப விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அயல்மொழி வாசகனையும் மதித்து அவன் மொழியிலேயே நூல் அனுப்பிய நகரத்தில், அண்டை மொழியின் நூல்களைக் காத்தவர் வீட்டுக்குள் அடைக்கப்பட்டிருப்பது என்னைப் போன்றவர்களை மிகவும் வருத்துகிறது.

இந்தியாவில் பிற மாநிலங்களுக்கு முன்பே 1948-இல் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலம். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் நமக்கு இதைப் பற்றிப் பேச உரிமை உண்டு. சேலம் மாவட்ட வாசகர் வட்டங்கள் இவ்வார விழாக் கூட்டங்களில் ஷரினாவுக்காக ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றும், வாசகர்கள் புது டில்லியிலுள்ள ரஷ்யத் தூதரகத்துக்கும் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்துக்கும் தனித்தனியே கடிதம் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வசைச்சொல் எதுவும் வேண்டாம். இரண்டு குற்றச்சாட்டுகளையும் கைவிட்டு, நத்தாலியா ஷரினாவை உடனே விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் போதும். தமிழிலேயே எழுதலாம். தீர்ப்பு வருவதற்கு முன்பு அக்கடிதங்கள் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.
நவம்பர் 2016