வெள்ளக் காப்பீட்டுத் தள்ளுபடி நகர மன்றத்தில்தான் முடிவாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியிருந்துகொண்டு தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவன். எங்களில் பலர் ஆண்டுதோறும் முணுமுணுத்துக்கொண்டே கட்டும் வெள்ளக் காப்பீட்டுக் கட்டணத்தைப் பற்றிச் சில செய்திகளைப் பகிர விரும்புகிறேன். புதுப்பிப்பு அறிவிப்பு வந்ததும் முகவரை அழைத்து, தொகையைக் குறைக்க வழியுண்டா என்று கேட்கிறோம். அவரால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. அந்தக் கட்டணத்தில் 5 முதல் 45 விழுக்காடு வரை தள்ளுபடி பெற்றுத் தரக்கூடிய இடம் நம் நகராட்சியோ, மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவான கவுண்டியோதான். அந்தப் பக்கம் நாம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. அந்தக் குறையை நிரப்ப 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வந்தது; இன்று அதை ஃபீமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமை நிர்வகிக்கிறது. தனி வீட்டின் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் என்பது அதன் வரம்பு. 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறை, நீர்நிலைக்கு வீடு எவ்வளவு அருகில் இருக்கிறது, தரைத்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, திரும்பக் கட்ட எவ்வளவு செலவாகும் என்பவற்றை எல்லாம் வீடு வீடாகக் கணக்கிடுகிறது. பலருக்குக் கட்டணம் ஏறியது இதனால்தான். சொந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு உயர்வு 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தாலும், மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஏறினால் அது எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் திட்டத்துக்குள்ளேயே 1990 முதல் 'சி.ஆர்.எஸ்.' என்ற சமூகத் தரமதிப்பீட்டு முறை ஒன்று இருக்கிறது. கூட்டாட்சி விதிக்கும் குறைந்தபட்ச விதிகளுக்கு மேலாக உள்ளாட்சி எதையெல்லாம் செய்கிறதோ, அதற்கெல்லாம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு 500 புள்ளிக்கும் ஊர் ஒரு வகுப்பு முன்னேறும். 10-ஆம் வகுப்பில் தள்ளுபடி கிடையாது. 9-ஆம் வகுப்பில் 5 விழுக்காடு. அங்கிருந்து வகுப்புக்கு ஐந்தாக ஏறி, 1-ஆம் வகுப்பில் 45 விழுக்காடு. முதன்முதலில் அந்த உச்சியைத் தொட்டது, 1995-இல் பெருவெள்ளம் கண்ட கலிபோர்னியாவின் ரோஸ்வில் நகரம். 1984-இல் ஒரே வெள்ளத்தில் 14 உயிர்களைப் பறிகொடுத்த ஓக்லஹோமாவின் டல்சா, அடிக்கடி மூழ்கிய நூற்றுக்கணக்கான வீடுகளை விலைக்கு வாங்கி அகற்றி, பல பத்தாண்டு உழைப்புக்குப் பின் அதே வகுப்பை எட்டியது.

புள்ளிகள் எதற்குக் கிடைக்கின்றன என்பதைப் பார்த்தால்தான் இதன் நியாயம் புரியும். வெள்ளச் சமவெளியில், அதாவது வெள்ளம் வந்தால் நீர் பரவும் நிலப்பகுதியில், கட்டடம் எழுப்பாமல் நிலத்தைத் திறந்தவெளியாகவே விட்டுவைத்தால் நல்ல புள்ளி உண்டு. கணிக்கப்பட்ட வெள்ள மட்டத்துக்குச் சில அடி மேலேதான் தரைத்தளம் அமைய வேண்டும் என்று கட்டட விதியில் சேர்த்தாலும், வடிகால்களைத் தூர்வாரினாலும், எச்சரிக்கை அமைப்பைச் சீராக்கினாலும், வீடு வாங்க வருவோருக்கு வெள்ள வரைபடத்தைக் காட்டி விளக்கினாலும் புள்ளி உண்டு. இவற்றோடு, வெள்ளச் சமவெளி மேலாண்மைத் திட்டம் ஒன்றை முறைப்படி எழுதி நிறைவேற்றுவதற்கும் தனியே புள்ளிகள் இருக்கின்றன. அந்தத் திட்டத்தைப் பத்துப் படிகளில் தயாரிக்க வேண்டும். அதில் ஒரு படி முழுக்கப் பொதுமக்களின் பங்கேற்புக்கானது. திட்டக் குழுவில் பாதிப் பேராவது அரசு சாராதவர்களாக இருந்தால் மதிப்பு கூடும். நாங்கள் வசிக்கும் ஊரில் நடந்த அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றுக்குச் சென்றேன். போடப்பட்டிருந்த நாற்காலிகளில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தன. பேச எழுந்தவர்களும் மனை விற்கும் தரப்பினராகவே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்தவர்கள்தானே பேச முடியும்!

கிடைத்த தள்ளுபடி நிலைத்துவிடும் என்று எண்ணவும் வேண்டாம். 2022-இல் வீசிய இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவின் லீ கவுண்டியில் நடந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சேதமடைந்த கட்டடத்தைச் சீரமைக்கும் செலவு அதன் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், புதுக் கட்டடத்துக்குரிய விதிகளின்படியே அதைக் கட்ட வேண்டும் என்பது வெள்ளச் சமவெளி விதி. அனுமதி பெறாமல் நடந்த சீரமைப்புகளைச் சுட்டிக்காட்டி, கேப் கோரல் உள்ளிட்ட அப்பகுதி ஊர்களின் 25 விழுக்காட்டுத் தள்ளுபடியை ரத்து செய்வதாக 2024 வசந்த காலத்தில் ஃபீமா அறிவித்தது. உள்ளாட்சிகள் அரும்பாடுபட்டு ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்த பிறகு பெரும்பாலான ஊர்கள் அதைத் தக்கவைத்துக்கொண்டன; ஃபோர்ட் மையர்ஸ் பீச் இழந்தது. அனுமதிப் பிரிவில் ஒருவர் கோப்பைச் சரியாகப் பராமரிக்காவிட்டால், விதியை மீறாத குடும்பமும் சேர்ந்து கட்டணம் கட்ட நேரிடும் என்பது இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற செய்தி.

சி.ஆர்.எஸ். முறையில் சேராமல் ஒதுங்கியிருந்தால் நட்டமில்லை என்று சில மன்றங்கள் கருதுகின்றன. அதுவும் சரியன்று. சி.ஆர்.எஸ். தள்ளுபடிக்கு வெளியிலிருந்து பணம் வருவதில்லை. திட்டத்தின் அடிப்படைக் கட்டணத்தைச் சற்று உயர்த்தித்தான் அது ஈடுகட்டப்படுகிறது. ஆகவே சேராத ஊரின் மக்கள், சேர்ந்த ஊரின் தள்ளுபடிக்குத் தம் பங்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். தேசியத் திட்டத்தில் உள்ள 22,000-க்கும் மேற்பட்ட ஊர்களில் சுமார் 1,500 மட்டுமே இதில் சேர்ந்திருக்கின்றன. சிற்றூர்களுக்கு ஆள்பலம் இல்லை, ஆண்டுதோறும் சான்றளிக்கும் எழுத்துவேலை பெரும்பாரம் என்ற காரணத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த வேலைக்கு ஒரு ஊழியரை அமர்த்தும் செலவையும் ஊர் மக்கள் அனைவரும் சேர்ந்து இழக்கும் தள்ளுபடியையும் அருகருகே வைத்துப் பார்த்த மன்றங்கள் எத்தனை?

தங்கள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த முறை புதுப்பிப்பு வந்ததும், பாலிசியின் முதல் தாளில் சி.ஆர்.எஸ். தள்ளுபடி என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலோ மிகக் குறைவாக இருந்தாலோ, ஊரின் வெள்ளச் சமவெளி அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, நம் ஊர் எந்த வகுப்பில் இருக்கிறது, அடுத்த வகுப்புக்கு எத்தனை புள்ளிகள் குறைகின்றன, மேலாண்மைத் திட்டத்துக்கான அடுத்த பொதுக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்