பட்டை போட்ட பிறகு வண்டி தூக்கிப் போடுகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை (அடுக்கில் சேரும் இரும்புத் தகடு) போட்டுக்கொண்டு போன பிக்கப் உரிமையாளர்கள் சிலர், "காலியா ஓட்டினா இடுப்பு ஒடியுது" என்கிறீர்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்குகிற வண்டிகளில்தான் இந்தப் புகார் அதிகம். இறங்கும்போது லோடு, ஏறும்போது பெரும்பாலும் காலி.

பட்டையின் தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு வெகுவாக ஏறிவிடும். 8 மில்லிமீட்டருக்குப் பதில் 10 மில்லிமீட்டர் போட்டால், அந்த ஒரு பட்டை மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பாகிவிடும். லோடு இருந்தால் அது வளைந்து கொடுக்கும். காலி வண்டியில் அதை அழுத்த எடை ஏது? பள்ளத்தில் விழுகிற அடி நேராகச் சீட்டுக்கு வரும். எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று கேட்ட நாங்கள், எவ்வளவு தூரம் காலியாக ஓடுவீர்கள் என்று கேட்கவில்லை. அது எங்கள் தப்பு.

இன்னொரு தப்பும் உண்டு. வண்டி ஜாக்கியில் நிற்க, ஆக்சில் தொங்கும்போதே ஷேக்கிள் போல்ட்டை (ஸ்பிரிங்கின் முனையை வண்டியோடு இணைப்பது) டைட் வைத்தால், அதன் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு, ஸ்பிரிங்கை அசைய விடாது. சீக்கிரம் கிழியவும் செய்யும். சில வண்டிகளில் எங்கள் பட்டறையிலேயே இப்படி நடந்துவிட்டது. போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்கும்போது மறுபடி டைட் வைத்தால் சரியாகிவிடும். இதற்குக் காசு வேண்டாம்.

அப்புறம், காற்று. லோடுக்காக ஏற்றிய காற்றோடு காலியாக ஓட்டினால் எந்த வண்டியும் குதிக்கும். கதவோர ஸ்டிக்கரில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு இருந்தால் அதன்படி வையுங்கள்.

ஒரு பள்ளத்துக்கு ஒரு தடவை மட்டும் தூக்கிப் போட்டால் பட்டை, புஷ், டயர் மூன்றையும் பார்ப்போம். பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளினால், பழைய சாக் அப்சர்பரால் புது பட்டையை அடக்க முடியவில்லை என்று பொருள். அந்தச் சாக் அப்சர்பரை மாற்றத்தான் வேண்டும்.

பிரேக்கையும் சொல்லிவிடுகிறோம். பல பிக்கப்களில் பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு லோடு சென்சிங் வால்வு இருக்கும். பட்டை போட்டதும் பின்பக்கம் உயர்வதால், லோடு இருந்தாலும் வண்டி காலி என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மலையிறக்கத்தில் இது விளையாட்டல்ல. அந்த வால்வைச் சரிசெய்யாமல் போன வண்டி எதுவானாலும் கொண்டு வாருங்கள். பட்டை கூடியதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பாதி நாள் காலியாக ஓடுகிறவர்களுக்குத் தடித்த பட்டையைக் கழற்றிவிட்டு, ஹெல்பர் பட்டை போட்டுத் தருகிறோம். லோடு ஏறி ஸ்பிரிங் தாழ்ந்த பிறகுதான் அது வேலைக்கு வரும். பட்டைக்கான விலை வித்தியாசம் மட்டும் கொடுத்தால் போதும்.

500 கிலோமீட்டர் ஓடியதும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்து வைக்கும் யூ போல்ட்டை மறுபடி டைட் வைக்க எப்படியும் வர வேண்டும். அன்றைக்கே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். காலி வண்டியாகக் கொண்டு வாருங்கள். முடிந்தால் தினமும் ஓட்டுகிற டிரைவரையே அனுப்புங்கள். எந்த இடத்தில் எப்படித் தூக்குகிறது என்று அவர் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்பிரிங் பட்டறை