பெயர்களில் கைவைக்கும் எழுத்துப்பிழை திருத்திகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

களுவாஞ்சிகுடியில் அச்சு வேலைக்குப் பக்கம் கட்டிக் கொடுப்பவள் நான். கல்யாணக் காட், மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவு மலர், கோயில் நோட்டீஸ் எதை எடுத்தாலும் பாதிக்கு மேல் பெயர்கள்தான். கணினியிலும் போனிலும் இருக்கிற எழுத்துப்பிழை திருத்திகள் அந்தப் பெயர்களைப் படுத்தும் பாட்டைச் சொல்லவே இக்கடிதம்.

எங்கள் பக்கத்தில் கண்ணகை என்று பெண்களுக்குப் பெயருண்டு. வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் கோயில்களிலும் அம்மன் கண்ணகைதான். திருத்தியோ அதைக் கண்ணகி ஆக்கப் பார்க்கிறது. மாமாங்கம், கதிர்காமத்தம்பி, ஆதம்பாவா, உதுமாலெப்பை எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புக் கோடு. நினைவு மலரில் மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசை வந்தால் பக்கமே சிவந்துவிடும். அந்தச் சிவப்புக்குள் உண்மையான பிழை ஒன்று கிடந்தால் யார் கண்ணிலும் படாது.

கோட்டையாவது பொறுக்கலாம், கேட்காமல் மாற்றுவதைப் பொறுக்க முடியவில்லை. மதன் (Mathan) என்று ஆங்கிலத்தில் அடித்தால் போன் அதை நாதன் (Nathan) ஆக்கிவிடும். இரண்டும் நம்மவர் பெயர் என்பதால் வாசிப்பவருக்குச் சந்தேகமே வராது. எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு வேலை செய்த இடத்தில் கொடுத்த சேவைக் கடிதத்தில் இப்படித்தான் பெயர் மாறியது. அடையாள அட்டையில் ஒன்று, கடிதத்தில் இன்னொன்று. கடைசியில் சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் தன்னையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்தான். அவன் செய்த குற்றம் என்ன?

திருத்தியிடம் இருப்பது ஒரு சொற்பட்டியலும் விகுதி சேர்க்கும் விதிகளும். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்குள் இயங்கும் ஹன்ஸ்பெல் என்ற திருத்தி இந்த வகைதான். பட்டியலில் இல்லாவிட்டால் பிழை. ஓரிரு எழுத்துத் தள்ளி இருப்பது பரிந்துரை. பெயரை நாமே பட்டியலில் சேர்க்கலாம் என்பார்கள். மாமாங்கம் என்று சேர்த்த பிறகும் மாமாங்கத்துக்கு, மாமாங்கத்தின் என்று எழுதினால் மறுபடி கோடு விழுகிறது. ஒரு சொல்லைச் சேர்க்கும்போதே 'இது மரம் போல உருபு ஏற்கும்' என்று மாதிரிச் சொல் காட்டிவிட ஹன்ஸ்பெல்லில் வழி உண்டு. தமிழில் உருபு இல்லாமல் ஒரு பெயர் எத்தனை வரிதான் தாங்கும்? அந்த வசதி தமிழுக்கு முறையாக அமைந்து, போன் விசைப்பலகை வரை வரவேண்டும்.

பெயர் விஷயத்தில் அகராதி பேச இடமே இல்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ளதே சரி. ஆகவே பெயரை அதே ஆவணத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முன்பக்கத்தில் யதுர்ஷிகா, நன்றி நவிலலில் ஜதுர்ஷிகா என்று இருந்தால் எது சரியென்று என்னைக் கேட்கட்டும். எனக்கு வேண்டிய உதவி அதுதான். இன்றைக்கு அந்த இரண்டுக்கும் ஒரே கோடுதான் விழுகிறது, வித்தியாசம் தெரிவதில்லை.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் பிள்ளைகள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டத்து ஆட்பெயர்களையும் திரட்டினால் பெரிய உபகாரம். முகவரி, குடும்ப விபரம் எதுவும் வேண்டாம், தனிப் பெயர்கள் போதும். தமிழ்ப் பெயரும் முஸ்லிம் பெயரும் பறங்கியர் பெயரும் சேரட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் திருத்தியில் போடும்படி வெளியிடட்டும். யாராவது முன்வந்தால், நான் கட்டிய பக்கங்களிலிருந்து பெயர்களை மட்டும் பிரித்தெடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி